எல்லாவற்றுக்கும் ஓம்

என் அக்காவின் புருஷனை நான் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதினால் எங்கள் ஊர் பள்ளிமுனையில் ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவரைப் பற்றி எனக்குள் ஏற்கெனவே இருக்கிற குழப்பம் போதும்.

அவரிடம் எதைக் கேட்டாலும் ஓம் என்பார். "அத்தான், சாப்பிட்டிட்டீங்களா?" "ஓம்." "இன்னும் சாப்பிடேல்லைப் போல கிடக்கு?" "ஓம்." இரண்டு கேள்விக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இருக்காது. முகத்தில் ஒரு கூச்சமும் இருக்காது. கேட்கிறவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பார்த்து அதைக் கொடுத்துவிடுவார். பொய்யர் என்று சொல்ல மனம் வராது. பொய் சொல்கிறவனுக்கு அதில் ஏதாவது கிடைக்க வேண்டும். இவருக்கு ஒன்றும் கிடைத்ததாக நான் காணவில்லை.

எனக்கு இது பெரிய எரிச்சல். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதுதான் வேலை. 'ஆம் / இல்லை, பொருத்தமற்றதை வெட்டுக' என்று அச்சடித்த தாள்களோடு பதினெட்டு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். ஒருமுறை வீட்டுத்திட்டப் படிவம் ஒன்றை அத்தானுக்கு நிரப்பப்போய் மாட்டிக்கொண்டேன். நிரந்தர வீடு உண்டா என்றால் ஓம். வீடு இல்லையா என்றால் அதற்கும் ஓம். பேனையை வைத்துவிட்டு, "அத்தான், என்னைக் கந்தோரால கலைக்கப் பண்ணப் போறீங்கள்," என்றேன். சிரித்துக்கொண்டு ஓம் என்றார்.

அக்காவுக்குக் கலியாணம் பேசிய நாளில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். "தம்பி, குடி கிடி ஒண்டும் இல்லைத்தானே?" என்று அப்பா கேட்டார். ஓம். "இலுப்பைக்கடவையில காணி கிடக்கெண்டு கதைச்சினம்?" ஓம். "கடலை விட்டிட்டு வேற தொழில் பாக்கிற யோசினை இருக்கோ?" அதற்கும் ஓம். கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில், அந்தக் காணி அவருடைய மாமனுடையது என்று தெரிந்தது. கடலையும் அவர் விடவில்லை. அப்பா குதி குதியென்று குதித்தார். அக்கா மட்டும், "நீங்கள் ஏனப்பா அப்பிடிக் கேட்டனீங்கள்?" என்று அப்பாவைத்தான் பிடித்தாள். எனக்கு அப்போது அவள் நியாயம் விளங்கவில்லை.

ஒருநாள் வள்ளம் வைத்திருக்கிற இரண்டு சம்மாட்டிமார் கரையில் நின்று சண்டை. அத்தான் இருவருக்கும் அதே நாளுக்குத் தொழிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். "எனக்கெல்லோ முதல் சொன்னனீ?" என்று ஒருவர் கேட்டார். ஓம். "டேய், நான் முந்தநாளே கேட்டனான்," என்றார் மற்றவர். ஓம். அத்தான் கடலுக்கடியில் போகிற முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடுவில் நின்றார். கடைசியில் விடிய ஒருவரோடும் வெயில் சாய மற்றவரோடும் போனார். ஒரே நாளில் இரண்டு தரம் அப்படிச் சுழியோடக் கூடாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எப்படி இப்படி ஆனார் என்பதற்கு இரண்டு கதை உண்டு. அவரோடு கூடச் சுழியோடுகிற மரியதாஸ் அண்ணன் சொல்வது, சண்டைக் காலத்தில் விசாரணைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தரமும் அடி விழுந்தது, திரும்பி வந்தபிறகு அந்தச் சொல்லே அவர் வாயில் இல்லை என்று. அக்கா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "கலியாணத்தண்டு கோயில்ல சுவாமியார் கேட்டு முடிக்க முன்னமே ஓம் எண்டவர். அது அவரைப் பிடிச்சுக்கொண்டு போக முதல்," என்பாள். அத்தானிடமே நான் கேட்டிருக்கிறேன். "விசாரணைக்குப் பிறகோ இப்பிடி?" ஓம். "சின்ன வயசில இருந்தோ?" ஓம்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. அத்தானும் மரியதாஸ் அண்ணனும் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கிறவர்கள். ஆழத்திலிருந்து கெதியாக மேலே வந்தால் உடம்புக்குள் காற்றுப் பிடித்துவிடும். கால் இழுத்துப்போன சுழியோடிகள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்படி யாருக்கும் வந்தால் இவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. ஆளுக்கு மறுபடி சிலிண்டரைக் கட்டி, கடலுக்குள் இறக்கி, கயிற்றில் பிடித்து வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுவார்கள். சிலபேருக்கு அதில் சுகமும் வந்திருக்கிறது. சுகம் வந்ததைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன், தொழில் முடிந்து வருகிற வழியில் அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்துக்குள் சுருண்டார். மேல் வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஊடுருவுகிற நோ. மரியதாஸ் அண்ணன் தனக்குத் தெரிந்த கேள்விகளைக் கேட்டார். "கெதியா ஏறினனியோ மச்சான்?" ஓம். "மூட்டுக்குள்ளையும் குத்துதோ?" ஓம். "காத்துத்தான் பிடிச்சிருக்கு, என்ன?" ஓம். வள்ளத்தைத் திருப்பி அவரைக் கடலுக்குள் இறக்கினார்கள். ஒரு மணித்தியாலம் கயிற்றில் வைத்திருந்து ஏற்றியபிறகு, "குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டார்கள். ஓம் என்றார். அடுத்த நாளும் அதே நோ. அதே கடல்.

மூன்றாம் நாள் அவர் பச்சையாகச் சத்தி எடுக்கத் தொடங்கியபோது அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் ஓட்டோ பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரத்தம் சோதித்துவிட்டு, சதையி வீங்கியிருக்கிறது, கடுமையாக இருக்கிறது என்று வெளி மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். சதையி என்றால் பள்ளிக்கூடத்தில் படம் கீறியது எனக்கு நினைவில் இருந்தது, இரைப்பைக்குப் பின்னால் ஒரு மிளகாய் கிடக்கிறதுபோல. இந்தியப் புத்தகங்களில் கணையம் என்று போட்டிருப்பார்கள். அதுவும் ஒரு ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அங்கே சத்திர சிகிச்சை டொக்டர் சிங்களவர், வயது குறைந்தவர். தமிழ் இரண்டொரு சொல்தான் வரும். கந்தோர் வேலைக்காகச் சிங்களம் படித்தவள் என்பதால் நான் மொழிபெயர்க்க நின்றேன். நோ எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். அதுதான் முக்கியம், எத்தனை நாள் வீணாகியது என்று தெரிய வேண்டும் என்றார். "நேற்றோ தொடங்கினது?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஓம். "அத்தான், முந்தநாளெல்லோ?" ஓம். குடிப்பாரா? ஓம். சீனி வியாதி இருக்கிறதா? ஓம். முன்பு பித்தப்பையில் கல்லு என்று யாரும் சொன்னதுண்டா? ஓம். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவர் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிற ஆள், சேர்," என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போது ஏனோ எனக்கு அழுகை வந்தது.

ஒவ்வொரு ஓமையும் நாங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. குடியில் தொடங்கினேன். அக்கா, "என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுறன், அவர் தொடுறேல்லை," என்றாள். மரியதாஸ் அண்ணன் நிலத்தைப் பார்த்தார். "தானா வாங்கிக் குடியான், தங்கச்சி. ஆரும் நீட்டினா வேண்டாமெண்டு சொல்லத் தெரியாதெல்லோ," என்றார். எத்தனை பேர் நீட்டினார்கள், எத்தனை வருடமாக நீட்டினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அக்கா அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

அடுத்தது சீனி. அக்கா வீட்டுக்குப் போய் அலுமாரியைக் கிளறியதில் மூன்று வருடத்துக்கு முந்திய கிளினிக் கொப்பி ஒன்று கிடைத்தது. இரத்தத்தில் சீனி கூடுதல் என்று அதில் எழுதியிருந்தது. கொடுத்த குளிசைகள் உறை பிரிக்காமல் பக்கத்திலேயே இருந்தன. அந்த நாளில் அவர் கிளினிக்கால் வந்தபோது அக்கா கேட்டாளாம், "வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று. என்ன பதில் வந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. "நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது," என்று அக்கா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். பித்தப்பையில் கல்லு இருந்ததும் ஸ்கானில் தெரிந்தது. இந்த வருத்தத்தைக் கிளப்பியது கல்லா குடியா என்று டொக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தான் சொன்ன ஓம்களில் முக்கால்வாசி உண்மையாக இருந்தது எங்களை இன்னும் குழப்பியது.

வாட்டில் தாதிமார் நாளுக்கு நாலு தரம் கேட்பார்கள், "ஐயா, நோ குறைவோ?" என்று. ஓம் என்பார். ஆனால் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீர்ப் பையில் சலம் இறங்குவது குறைந்துகொண்டிருந்தது. இரத்தம் ஒன்று சொல்கிறது, இவர் ஒன்று சொல்கிறார், நான் இரத்தத்தைத்தான் நம்புகிறேன் என்றார் டொக்டர். மறுபடி ஸ்கான் எடுப்பது என்று சொல்லியிருந்த அன்று காலையில் மரியதாஸ் அண்ணன் பார்க்க வந்தார். அத்தான் ஒட்சிசன் முகமூடியோடு படுத்திருந்தார். மரியதாஸ் அண்ணன் வாயே திறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, கையை அத்தானின் கண்ணுக்கு நேரே பிடித்து என்னவோ காட்டினார். கடலுக்கடியில் இருவரும் பேசுகிற சைகை. அத்தான் ஊசி ஏற்றிய கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். பிறகு நெஞ்சை இரண்டு தரம் தட்டினார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"சரியில்லையாம். மூச்சுக் காணாதாம், முட்டுதாம்."

நான் முப்பது வருடமாக அந்த மனிதரை அறிவேன். அவர் ஒன்று சரியில்லை என்று சொன்னதை அன்றைக்குத்தான் கண்டேன். ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். மத்தியானத்துக்கு முன் ஸ்கான் முடிந்தது. டொக்டர் படத்தைக் காட்டினார். சதையி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கறுப்பாகக் குமிழிகள் தெரிந்தன. உள்ளே காற்று இருக்கிறது என்றார்.

அதை நான் வெளியே வந்து அப்படியே சொன்னதுதான் பிழை. மரியதாஸ் அண்ணன் எழும்பி நின்றுவிட்டார். "நான் அண்டைக்கே சொன்னனான், காத்து எண்டு. இப்ப டொக்டரும் காத்து எண்டுறார். பிறகென்னத்துக்கு இஞ்சை வைச்சிருக்கினம்? துண்டு வெட்டி வீட்டை விடச் சொல்லுங்கோ, தங்கச்சி. பின்னேரத்துக்கிடையில கடலுக்கை இறக்கினா காத்து அமர்ந்திடும்." வாடகை வான் பிடிக்கக்கூட ஆள் அனுப்பிவிட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் படித்தவள், சிங்களம் தெரிந்தவள், படத்தை என் கண்ணால் பார்த்தவள். அப்படியிருந்தும் ஒரு அரை மணித்தியாலம் நானும் நம்பினேன். இரண்டு பேரும் காற்று என்கிறார்கள், ஒருவர் கடலை அறிந்தவர், மற்றவர் உடம்பை அறிந்தவர், இரண்டும் ஒரே காற்றாக ஏன் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

திரும்பிப் போய்க் கேட்டேன். சுழியோடி என்ற விபரத்தை அதுவரை யாரும் டொக்டருக்குச் சொல்லவில்லை. மீன்பிடி என்றுதான் எழுதியிருந்தார்கள். அவரும் யோசித்தார். அவசரத்தில் என்னைக் கொண்டே அத்தானிடம் கேட்பித்தார், கெதியாக மேலே வந்தீர்களா என்று. ஓம் என்றார் அத்தான். டொக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மரியதாஸ் அண்ணனை உள்ளே கூப்பிட்டு எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

"நாலு பாகம்," என்றார் மரியதாஸ் அண்ணன். சொன்னபிறகு அவருக்கே முகம் மாறிவிட்டது. நாலு பாகம் என்றால் ஒரு தென்னை அளவும் இல்லை. "அதுக்குக் காத்துப் பிடியாதுதான். ஆனா நான் கேக்க அவன் ஓம் எண்டவனே," என்றார்.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். சதையியில் ஒரு பகுதி செத்துவிட்டது. குடலில் இருக்கிற கிருமிகள் அந்தச் செத்த சதைக்குள் போய்விட்டன. அப்பத்துக்குக் கரைத்த மா புளித்துக் குமிழி விடுகிறதுபோல அங்கே இருந்து காற்று உண்டாகிறது. வெளியிலிருந்து போன காற்று இல்லை, கடல் அதை அமர்த்தாது. இப்படிக் காற்று வந்த ஆட்களில் பலர் தப்புவதில்லை. சிறுநீரகமும் சுவாசப்பையும் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. சீனி இருப்பது கெடுதல். நாள் பிந்தியது அதைவிடக் கெடுதல்.

கடைசி வசனத்தைத் தமிழில் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். மரியதாஸ் அண்ணன் வெளியே போய் வான்காரனைத் திருப்பி அனுப்பினார். பிறகு சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் குந்திக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனபோது, "ரெண்டு நாள், தங்கச்சி. ரெண்டு நாள் நானெல்லோ அவனைக் கடலுக்கை வைச்சிருந்தனான்," என்றார். "நீங்கள் கேட்டனீங்கள், அவர் ஓம் எண்டவர்," என்றேன். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று எனக்கே தெரியவில்லை.

உடனே வெட்டித் துப்புரவாக்கினால் என்ன என்று நான் கேட்டேன். முந்தி அப்படித்தான் செய்தார்களாம். பச்சைப் புண்ணாக இருக்கும்போது கையை வைத்தால் உயிருள்ள சதையும் சேர்ந்து போய்விடும், இரத்தம் நிற்காது, ஆள் அதிலேயே போய்விடும் என்றார். செத்தது வேறாகவும் இருக்கிறது வேறாகவும் பிரியும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் ஸ்கானில் பார்த்துப் பார்த்து இடுப்புக்கு மேலே இடது பக்கமாக ஒரு குழாயைச் செலுத்தினார்கள். சாம்பல் நிறத்தில் கூழ்போல ஒன்று பைக்குள் இறங்கியது. பலமான அன்ரிபயோட்டிக், சீனிக்கு இன்சுலின், மூக்கால் பால்மா, இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்பு. ஐ.சி.யூ.வுக்குள் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். பகலில் டொக்டரோடு சிங்களத்தில் கதைக்க வேண்டும் என்பதால் நான் போவேன். அக்கா கண்ணாடிக்கு வெளியே நிற்பாள்.

இரண்டாம் கிழமை முகம் தெளிந்தது. சலம் போயிற்று. அக்கா பெரிய கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, வீட்டுக் கட்டிலை முன்னறைக்கு மாற்றவும் சொல்லி அனுப்பினாள். ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, "அத்தான், என்னை நல்லாப் பேக்காட்டிப் போட்டீங்கள், என்ன?" என்றேன். ஓம் என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கு அந்த ஓமில் ஒரு கோபமும் இருக்கவில்லை.

மூன்றாம் கிழமை முடிய மறுபடி காய்ச்சல். குழாய் அடைத்துக்கொண்டது. பெரிய குழாய் மாற்றினார்கள், அதுவும் போதவில்லை. இனித் திறந்து செத்ததை அள்ளி எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். இப்போது பிரிந்திருக்கிறது, செய்யலாம். மேசையிலேயே உயிர் போகவும் கூடும். செய்யாவிட்டால் கிழமைக் கணக்குத்தான் என்று அவர் நினைக்கிறார், ஆனால் அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அறிவோடு இருக்கிறபடியால் அத்தானே சம்மதம் சொல்ல வேண்டும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மரியதாஸ் அண்ணனைச் சைகையால் கேட்கச் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வெளியே நின்றவரிடம் கேட்டேன். அவர் கையைத் தூக்கி, என்னவோ யோசித்து, கீழே போட்டார். "கடலுக்கடியில நாலஞ்சு விசயந்தான் கேப்பம். இதுக்குச் சைகை இல்லை, தங்கச்சி." அக்கா என் கையைப் பிடித்தாள். "வடிவா விளங்கப்படுத்திக் கேள் பிள்ளை. அவர் என்ன சொல்லுறாரோ அது."

உள்ளே போனேன். விளங்கப்படுத்தினேன். "ஒப்பரேஷன் செய்யட்டோ அத்தான்?" ஓம். நான் அவரை அறிந்தவள் என்றபடியால் மற்றப் பக்கமும் கேட்டேன். "செய்யாமல் வீட்டை போவமோ?" ஓம். பக்கத்தில் நின்ற டொக்டருக்கு இரண்டு ஓமும் மொழிபெயர்ப்பில்லாமலே விளங்கியது. இந்த மூன்று கிழமையில் அவரும் அத்தானைப் படித்திருந்தார். அப்படிக் கேட்க வேண்டாம், ஓம் என்றோ இல்லை என்றோ பதில் வராத மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள் என்றார். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்றார்.

"அத்தான், உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் நான் அவரிடம் கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வேறு யாரும் கேட்டிருப்பார்களா என்றும் தெரியாது. முகமூடிக்குள் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. கண் கண்ணாடிப் பக்கம் போயிற்று. அங்கே அக்கா முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னார்.

"இவ தனிய என்ன செய்வா?"

டொக்டர் என் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

நான், "ஓம் என்கிறார்," என்றேன்.

நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அத்தானின் வீங்கிய பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலைக் கொடுத்தார். கீழே மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் நான் கையொப்பம் போட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு அது ஓம்தான். அக்காவைத் தனிய விட முடியாது, ஆகையால் எப்படியாவது என்னைக் காப்பாற்றுங்கள் என்றுதான் காதில் விழுந்தது. பிறகுதான் அது மாறி மாறிக் கேட்கத் தொடங்கியது. என்னை வெட்டி அங்கேயே செத்துப்போனால் இவள் என்ன செய்வாள், வீட்டை கொண்டுபோங்கோ, இருக்கிற நாலு நாள் இவளோடு இருக்கிறேன் என்று சொன்னாரா? இல்லை, ஒப்பரேஷனைப் பற்றியே பேசாமல் சும்மா அவளை நினைத்துக் கவலைப்பட்டாரா? இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. டொக்டருக்கு ஓம் அல்லது இல்லை வேண்டியிருந்தது. படிவத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நான் பழகிய வேலையைச் செய்தேன்.

ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாள், கண் திறக்காமலே அத்தான் செத்துப்போனார். எடுக்கக் கூடியதை எடுத்தோம், சிறுநீரகம் திரும்பி வரவில்லை என்றார் டொக்டர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. செய்யாமல் விட்டிருந்தால் என்று நான் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டினார். கடலில் போன இரண்டு நாளா, குளிசை போடாத மூன்று வருடமா, நீட்டிய கிளாசுகளா, கல்லா, கத்தியா, எது என்று பிரிக்க முடியாது என்றார். அவருக்கே பிரிக்க முடியாததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆட்கள் போனபிறகு, அக்கா அத்தானின் சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் உதவிக்கு இருந்தேன்.

"நீதானே கடைசியா அவரோட கதைச்சனீ," என்றாள். "என்ன சொன்னவர் பிள்ளை?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முப்பது வருடத்தில் அவர் தானாகச் சொன்ன ஒரே வசனம். அதுவும் அவளைப் பற்றியது, அவளுக்குச் சேர வேண்டியது. ஆனால் அதைச் சொன்னால், அடுத்ததாக அவள் கேட்பாள், அப்போ அவர் ஒப்பரேஷனுக்குச் சம்மதிச்சவரோ என்று.

"செய்யச் சொன்னவர்," என்றேன்.

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை அக்கா."

அவள் சேட்டின் கொலரை நீவிவிட்டாள். பிறகு, "அப்ப அவரின்ர விருப்பத்தோடைதான் எல்லாம் நடந்தது, என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். ஒரு மாதமாக நான் காணாத ஒரு தெளிவு அந்த முகத்தில் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.